லைன் கட் ஆயிடுச்சு

பத்து மணி பத்து நிமிஷத்திலிருந்து நெட் கம்பெனிக்காரன் என் காதில் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நடுநடுவே ஒரு பெண் குரல் வேறு. முக்கியம் என்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அறுபத்துமூன்று வயது மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புல்லாங்குழல் கேட்க வேண்டும் என்பது இவர்களுடைய ஏற்பாடு. பதினொரு மணிக்கு இந்துமதி கூப்பிடுவாள். என் மகள். மூன்று வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக இந்தத் திரையில் வந்தாள். வந்து நாலு நிமிஷம் ஆகவில்லை, லைன் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. மூன்றாவது தடவை அவள் "அப்பா, உங்களை ஒண்ணு கேக்கணும்" என்று வாயெடுத்தாள், அப்போது போயிற்று. பாதி திறந்த வாயோடு அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அப்புறம் அதுவும் போய்க் கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் தன் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறாள். 'அப்பாவுக்கு லைன் எப்பவும் கரெக்டான நேரத்துலதான் கட் ஆகும்.' என் மனைவி தையல்நாயகி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். எதையும் மறைக்கத் தெரியாது அவளுக்கு. எப்பவும் என்றால் என்ன அர்த்தம்? கரெக்டான நேரம் என்றால்? ஒயர் அறுந்து போனால் அதற்கும் நானா பொறுப்பு? ஒரு வாரமாக இந்த ஒரு வரி தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. புதன்கிழமை அவளுக்கு அயர்லாந்துக்கு விமானம். இரண்டு வருஷ வேலையாம், நீடிக்கவும் செய்யலாமாம். போவதற்கு முன்னால் திருச்சிக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவதா, பெங்களூரிலிருந்து அப்படியே ஏறிவிடுவதா என்று இன்றைக்கு என்னோடு பேசிப் பார்த்துவிட்டுச் சொல்வாளாம். பேசிப் பார்த்துவிட்டு! பேசுவதற்கு லைன் இருந்தால்தானே.

எடுத்துவிட்டாள். "வணக்கம் சார், நிவேதா பேசுறேன், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" இந்த வாரத்தில் இவள் ஐந்தாவது ஆள். ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெயர் பக்கிரிசாமி, உறையூர், தரைத்தளம், இப்படி இப்படி, கம்ப்யூட்டருக்குப் போகிற மஞ்சள் ஒயரில் நெட் வருகிறது, ஐந்து நிமிஷம் இருக்கிறது, போகிறது, தானாக வருகிறது, மறுபடி போகிறது. "மோடத்த ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." "பண்ணிட்டேம்மா. காலையிலேர்ந்து ஆறு வாட்டி பண்ணிட்டேன்." "எனக்காக இன்னொருவாட்டி பண்ணிப் பாருங்க சார்." எனக்காகவாம். இவள் யார், என் மாமன் மகளா? பண்ணினேன். பொட்டியில் விளக்குகள் அணைந்து ஒவ்வொன்றாக எழுந்தன, பச்சை, பச்சை, பச்சை. அதற்கொன்றும் கேடில்லை. "வீட்ல மொபைல் இருக்கா சார்? அதுல வைஃபை வருதா?" இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். போன நாலு பேரும் இதைத்தான் கேட்டார்கள். வருகிறது. என் பட்டன் போனில் ஏது, தையல்நாயகியின் போனில் கொட்டோ கொட்டென்று வருகிறது, சுண்டைக்காய் வற்றல் போடுவது எப்படி என்று அதில் எவளோ ஒருத்தி சொல்லித்தர, அடுப்படியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வருதும்மா. அதுக்கென்ன இப்ப?" "அப்ப எங்க சைடுல லைன் கிளியரா இருக்குது சார். உங்க சிஸ்டத்துலதான் ஏதோ ப்ராப்ளம். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" உங்க சைடு. எங்க சைடு. முப்பத்துநாலு வருஷம் பஸ் டெப்போவில் வேலை பார்த்தேன், கடைசிப் பத்து வருஷம் சூப்பர்வைசர். டிரைவர் வந்து பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது சார் என்றால், எங்க சைடுல கிளியரா இருக்குது, உங்க கால்லதான் ப்ராப்ளம் என்று நான் சொன்னதுண்டா? வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். சூப்பர்வைசர் படுக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னபோதும் படுத்தேன். ஐம்பத்தைந்து உயிர் ஏறுகிற வண்டி. "நீ ஒரு உதவியும் பண்ண வேணாம் தாயி, போனை வை" என்றேன். அவள் வைக்கவில்லை, இந்த அழைப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கச் சொன்னாள். மதிப்பெண்ணாம். நான்தான் வைத்தேன்.

நான்தான் வைத்தேன். இதில் என்ன இருக்கிறது, எரிச்சல் வந்தால் போனை வைக்கத்தான் செய்வார்கள், உலகத்தில் எத்தனை கோடிப் பேர் ஒரு நாளைக்குப் போனை வைக்கிறார்கள். மணி பத்தரை. யோசிக்க வேண்டியது ஒயரைப் பற்றி. பழுது பார்க்கிறவன் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். பொட்டி சரி. பொட்டியிலிருந்து வருகிற ஒயர்? ஆரோக்கியராஜ் என்று ஒருத்தரை கம்பெனியில் அனுப்பினார்கள், நாற்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் வருகிற ஆள். இந்த வாரத்தில் மூன்று தடவை வந்தார். முதல் தடவை ஒயரின் இரண்டு முனையிலும் புதுப் பின் அடித்தார். இரண்டாம் தடவை ஒயரையே மாற்றினார். மூன்றாம் தடவை தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து இதே மஞ்சள் ஒயரைச் சொருகி அரைமணி நேரம் கிரிக்கெட் பார்த்தார், ஒரு தடவைகூடப் போகவில்லை. "உங்க கம்ப்யூட்டர் சைடு சார்" என்றார் அவரும். "வயசான மிஷினு. ஒயர் இல்லாம ஓடற வைஃபை டாங்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க, வேலை முடிஞ்சுது." வயசான மிஷின் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாரா, கம்ப்யூட்டரைப் பார்த்தாரா? அவர் லேப்டாப்பில் இருந்தால் என் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டாமா? இந்து காலேஜ் படிக்கும்போது வாங்கியது, தூசி தட்டித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஒருநாள் மக்கர் பண்ணியதில்லை. ஒரு பொருளை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்கு இவர் சொல்லித்தர வருகிறார். எப்போதிலிருந்து சார் இப்படி என்று கேட்டார். மூணு வாரமா என்றேன். மூணு வாரத்துக்கு முன்னால ஏதாச்சும் கழட்டி மாட்டினீங்களா என்றார். நான் ஒன்றும் கழற்றவில்லை மாட்டவில்லை என்று அடித்துச் சொன்னேன். சொன்ன வேகத்தில் எனக்கே அது உண்மையாகிவிட்டது. எனக்கு அப்படி ஆகிவிடும்.

"என் போன்ல பேசுங்களேன்" என்று தையல்நாயகி வாசலில் வந்து நின்றாள். கையில் வற்றல் உப்பு. "எதுக்கு இந்தப் பாடு? ஒயர் போனா போவுது. இந்தாங்க, இதுல அவ நம்பர் இருக்கு, ஒரு அமுக்கு அமுக்கினா வருவா." "உன் வேலையப் பாரு" என்றேன். "எவ்ளோ பெரிய ஸ்கிரீன் இருக்கு, அதுல பாக்காம உள்ளங்கையில பாக்கச் சொல்றியா?" "ஸ்கிரீன் பெருசுதான்" என்று சொல்லிவிட்டு நின்றாள். போகவில்லை. இவள் ஒன்றைச் சொல்லாமல் நின்றால் அது சொல்வதைவிட மோசம். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே இடத்தில்தான் நின்றாள். லைன் மூன்றாம் தடவை போனதும், நான் சிபியூவை இரண்டு தட்டுத் தட்டியதும், போனை நீட்டினாள். அதில் இந்துவின் பெயரும் பச்சை வட்டமும் தெரிந்தன. எட்டி எடுத்திருக்கலாம். ஒரு சாண் தூரம். நான் எடுக்கவில்லை. இந்த நெட்டுக்காரனுங்களை என்று கத்திக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைத் தேடினேன். அவள் கை நீட்டியபடி எத்தனை நேரம் இருந்ததோ, நிமிர்ந்தபோது ஆள் இல்லை. ஏன் எடுக்கவில்லை? சின்ன ஸ்கிரீன். அதெல்லாம் ஒன்றுமில்லை, கை கறையாக இருந்தது. கையில் ஒரு கறையும் இல்லை. திரை கறுத்ததும் என் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அதைத் தையல்நாயகி கேட்டிருப்பாளோ என்றுதான் கத்தினேன். அப்பாடா என்று வந்த மூச்சு. உங்களை ஒண்ணு கேக்கணும் என்று மகள் ஆரம்பிக்கிறாள், லைன் போகிறது, அப்பனுக்கு அப்பாடா என்று இருக்கிறது. என்ன பிறவி இது.

என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்பாள். அன்றைக்கு நான் கும்பகோணத்தில் இருந்தேன், அக்காள் மகனுக்கு நிச்சயதார்த்தம், மத்தியானப் பந்தி, ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறேன், சட்டைப்பையில் போன் அடிக்கிறது. இடது கையால் எடுத்தேன். இந்து. அவளை ஓசூரில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம். பக்கத்து இலையில் இந்து புருஷனின் சித்தப்பா, கரூர்க்காரர், உங்க பொண்ணு வந்ததுலேர்ந்து எங்க வீட்டுக்கு ஒரு களை என்று அப்போதுதான் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். "அப்பா, நான் வெளியில ரோட்ல நிக்கிறேம்பா. கால்ல செருப்புகூட இல்ல. அவரு அடிச்சிட்டாரு. என்னை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா." இரைச்சலில்கூட ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் கேட்டது. டவர் அவ்வளவு நன்றாக இருந்தது. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் இடது கைக் கட்டைவிரலால் சிவப்பை அமுக்கினேன். அவ்வளவுதான். ஒரு அமுக்கு. "யாருங்க, எங்க மருமகளா?" "ஆமாங்க. மண்டபத்துல டவர் இல்ல, லைன் கட் ஆயிடுச்சு." வாயிலிருந்து அதுவாக வந்தது, யோசிக்கக்கூட இல்லை. அந்த மனுஷனும் ஆமாங்க டவரே இல்ல என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் அதே மண்டபத்திலிருந்து கரூருக்குப் போன் போட்டு வாழைத்தார் விஷயமாகப் பத்து நிமிஷம் சத்தமாகப் பேசினார். பையில் போன் இன்னும் இரண்டு தடவை அதிர்ந்தது, நெஞ்சுக்கு நேராக. நான் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். சேமியா பாயசம். முந்திரி நிறைய இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, அதை மறக்க முடிந்தால் என் ஆயுளில் பாதியைக் கொடுப்பேன்.

ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நாலு பேர் இருக்கிற பந்தியில் என்ன செய்ய முடியும்? எழுந்து ஓட முடியுமா? கும்பகோணத்துக்கும் ஓசூருக்கும் எட்டு மணி நேரம். புருஷன் பொண்டாட்டிக்குள்ளே ஒரு கோபம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று எந்த அப்பனும் நினைப்பான். நான் ரிடையராக நாலு மாசம் இருந்தது. வீட்டுக்கு வந்து தையல்நாயகியிடமும் அதையேதான் சொன்னேன், இந்து கூப்ட்டா, லைன் கட் ஆயிடுச்சு, திரும்பப் போட்டா கிடைக்கல. திரும்பப் போடவே இல்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அவள் செருப்பில்லாத காலோடு ஆட்டோ பிடித்து, ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பெங்களூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்று. தையல்நாயகி தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வந்ததும் முதல் வேலையாகத் தனக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டாள். அதுவரை என் போன்தான் வீட்டுக்கு. ஏன் வாங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை, எதற்கு என்று அவளும் சொல்லவில்லை. எதையும் மறைக்கத் தெரியாதவள் அதை மட்டும் மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். விவாகரத்து ஆகி ஒரு வருஷம் ஆகிறது, அந்தப் பேப்பரில்கூட இந்து தன் கையெழுத்தைத் தானே போட்டாள், சாட்சிக்கு அந்த ஆபீஸ்காரப் பெண்ணின் அப்பா வந்தாராம். யாரோ ஒருத்தர். என் மகளுக்கு. அவரைப் பார்த்தால் நான் என்ன சொல்வது, நன்றி என்று சொல்வதா? இந்த நெட்டை ஆனி மாசத்தில் போட்டபோது நியூஸ் பார்க்க என்று சொன்னேன். நான் எந்த நியூஸைப் பார்த்தேன்.

மணி பத்து நாற்பது. திரையில் ஒரு மூலையில் கேபிள் கழன்றிருக்கிறது என்று எழுதிக்காட்டுகிறது, பெருக்கல் குறி போட்டு. எங்கே கழன்றிருக்கிறது? கண்ணெதிரே ஒயர் போகிறது, சுவரோரமாக, ஆணி அடித்து. ஒரு மடிப்பு இல்லை. பொய் சொல்கிற மிஷின். "ஒயர் இருக்குடா, பாருடா" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன், அடுப்படியில் வற்றல் சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் குரல் நின்றது, அப்புறம் மறுபடி தொடர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச் லைட்டோடு மேஜைக்கு அடியில் போனேன். இந்த இடுப்பு ஒரு காலத்தில் வண்டிக்கடியில் நாள் முழுக்கக் கிடந்த இடுப்பு, இப்போது ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக ஆட்சேபம் தெரிவிக்கிறது. சிபியூவை இழுத்துத் திருப்பினேன். முதுகுப் பக்கம் ஏழெட்டு ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். மஞ்சள் ஒயரின் பின்னை அமுக்கிப் பிடித்து உருவினேன். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்னப் பித்தளைக் கம்பிகள் வரிசையாக இருக்க வேண்டும். இருந்தன. அவற்றின் மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. ஓரத்தில் சிவப்பு. விரலை வைத்துத் தேய்த்தேன், உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுதபூஜை. மூணு வாரத்துக்கு முன்னால். ஏதாச்சும் கழட்டி மாட்டினீங்களா என்று அந்த ஆரோக்கியராஜ் கேட்டார், நான் இல்லை என்று அடித்துச் சொன்னேன். கழற்றாமல் எப்படி? எல்லா ஒயரையும் நான்தான் உருவினேன், எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன், ஒரு நாள் முழுக்க ஓடவிடாமல் கொலுவில் வைக்கிற மாதிரி வைத்தேன். டெப்போவில் நான் பொட்டு வைத்தால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. மற்றவன் ரேடியேட்டர் முன்னால் ஒரு பொட்டு வைத்து வாழைக்கன்றைக் கட்டிவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவான். நான் இன்ஜினுக்கு, பேட்டரிக்கு, ஸ்டியரிங்குக்கு, கீழே படுத்து டிஃப்ரன்ஷியலுக்கு என்று எது வேலை செய்கிறதோ அதற்கெல்லாம் வைப்பேன். முகத்துக்கு மட்டும் வைத்தால் முகமா வண்டியை ஓட்டுகிறது? அதே மாதிரிதான் இதற்கும் வைத்தேன். தையல்நாயகி அப்போதே சொன்னாள், "முன்னாடி ஒண்ணு வச்சாப் போதும்ங்க, அது கம்ப்யூட்டரு." உனக்கு என்ன தெரியும் என்றேன். நெட் உள்ளே நுழைகிற வாய்தான் முக்கியம் என்று, முதுகுப் பக்கம் திருப்பி, மற்ற ஓட்டைகளுக்கு ஓரத்தில் ஒரு பொட்டோடு விட்டு, அதன் வாயில் மட்டும் கெட்டிச் சந்தனமாகக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலையில் அந்த ஈரச் சந்தனத்துக்குள்ளேயே பின்னை விட்டுக் குத்தியதும் நான்தான். இந்து பேச வேண்டும், இந்த வருஷமாவது பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் குத்தினேன், பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டே. கம்பெனிக்காரனைத் திட்டினேன். நிவேதாவைத் திட்டினேன். ஹெல்மெட் மனுஷனை என்னவெல்லாமோ பேசினேன். ஒரு வாரமாக ஊரில் உள்ள அத்தனை பேர் சைடும் கோளாறு என்று கத்திக்கொண்டிருந்தவன், மேஜைக்கடியில் மண்டியிட்டபடி விரலில் ஒட்டிய சந்தனத்தை வேட்டியில் துடைத்தேன். சிரிப்பு வரவில்லை. கோபம் இருந்தது, அதை வைக்க இடம் கிடைக்கவில்லை.

கரண்டை நிறுத்திவிட்டு, தையல்நாயகியின் கொண்டை ஊசியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தொட்டுச் சுரண்டினேன். இந்த வேலை கைக்குத் தெரிந்த வேலை. பழுப்பாக வந்தது, அப்புறம் சிவப்பாக, அப்புறம் வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஒவ்வொரு கம்பியும் டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. பின்னையும் துடைத்துச் சொருகினேன், டக் என்று விழுந்தது, கரண்டைப் போட்டேன். சொருகின இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பெருக்கல் குறி போய்விட்டது. இரண்டு நிமிஷம் பார்த்தேன், ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஒயரை ஆட்டினேன், இழுத்தேன், சிபியூவைத் தட்டினேன். அசையவில்லை. மணி பத்து ஐம்பத்தாறு. சந்தோஷப்பட வேண்டும், படவில்லை. இனிமேல் இது போகாது. அவள் கேட்பாள், கேட்டு முடிக்கிறவரை லைன் இருக்கும், நான் பதில் சொல்கிறவரை இருக்கும். கை தானாகவே மறுபடி சிபியூவின் முதுகுக்குப் போனது. இரண்டு விரல் பின்னைப் பிடித்தன. அதில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கிறது, அதை அமுக்கிக் கொஞ்சமே கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் போதும், பாதி சொருகினபடி நிற்கும், நாலு நிமிஷம் வரும், போகும். யாருக்கும் தெரியாது. ஆரோக்கியராஜே மூன்று தடவை வந்து பார்த்துவிட்டார், கம்பெனியில் ஐந்து பேரிடம் புகார் இருக்கிறது, இவ்வளவு சாட்சி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அமுக்கினேன். பின் ஒரு நெல் அளவு வெளியே வந்தது. பச்சை அணைந்தது. சீ, என்ன மனுஷன்டா நீ என்று எனக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், சொல்லிவிட்டு, உள்ளங்கையை வைத்து அது டக் என்று விழுகிறவரை அழுத்தினேன். மேஜையைப் பிடித்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்கு அடித்தது. அவள் அப்படித்தான், நேரம் தவற மாட்டாள். திரையில் வந்தாள். பின்னால் கயிறு கட்டின இரண்டு பெட்டி, மேலே மின்விசிறி. முகம் மெலிந்திருந்தது, முடியைக் குறைத்திருந்தாள், போன வாரம் இதைச் சரியாகப் பார்க்கக்கூட லைன் நிற்கவில்லை. "தெரியுதாப்பா?" "தெரியுதும்மா." "கேக்குதா?" "நல்லாக் கேக்குது. லைனைச் சரி பண்ணிட்டேன்." "சரி" என்றாள். அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில் அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. சந்தனக் கதையைச் சொல்லலாம், சிரிப்பாள், சின்ன வயசில் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், சிரித்தால் பேச்சு வேறு பக்கம் போகும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "போன வாரம் ஒண்ணு கேக்க வந்தேன், அதுக்குள்ள போயிடுச்சு. இப்பக் கேக்கவா?" என்றாள். தலையை ஆட்டினேன். "நான் ரோட்ல நின்னு கூப்ட்டேன்ல. அன்னிக்கு நெஜமாவே லைன்தான் கட் ஆச்சாப்பா?" ஆமாம்மா என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது, மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிப்போன சொல். கீழே பார்த்தேன். மேஜைக்கடியில் பச்சை விளக்கு கொஞ்சம்கூடக் கண் சிமிட்டாமல் எரிந்தது. "இல்லம்மா. நான்தான் வச்சேன்."

அவள் முகம் அசையவில்லை. அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ, நான் சொன்னது போய்ச் சேரவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பது பொய், ஆசைப்பட்டேன். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "ஏம்பா?" மூன்று வருஷம் லைனுக்குத்தான் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன், இதற்கு இல்லை. பந்தி, சித்தப்பா, எட்டு மணி நேரம், நாலு பேர், ரிடையர்மெண்ட் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றையும் வெளியே விட மனசு வரவில்லை. "பயந்துட்டேம்மா" என்றேன். கதவோரத்தில் தையல்நாயகி வந்து நின்றது தெரிந்தது, நான் திரும்பவில்லை. இந்து திரைக்குக் கிட்டத்தில் வந்தாள். "நானும் பயந்துபோய்த்தாம்பா உங்களைக் கூப்ட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன், எனக்கு அதுதான் வரும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், திரை கலங்கலாகத் தெரிந்தது, அவள் உருவம் மட்டும் அசைந்தது. "வர்றேனா இல்லையான்னு அம்மாட்ட அப்புறமா சொல்றேன்" என்றாள். "வச்சிரவா?"

"வைக்காதம்மா" என்றேன். "எதுவும் பேச வேணாம். கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அவள் வைக்கவில்லை.